பெட்டி ஆடக் கூடாது என்றவர்

சேதி வந்தபோது நான் அச்சகத்தில் அடுத்த ஆண்டு காலண்டரின் புரூஃபைத் திருத்திக்கொண்டிருந்தேன். பண்டிகை நாள் ஒன்று ஒரு கட்டம் தள்ளி விழுந்திருந்தது. இந்த லட்சணத்தில் யார் வேலை பார்த்தது என்று கத்தித் தீர்த்துவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். போனில் ஞானமுத்து அண்ணாச்சியின் மகள் கிருபா. "அத்தை, அப்பா போயிட்டாக" என்றாள். எப்போது என்று கேட்டேன். "இப்பத்தான். ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாக. படுக்க வச்சோம். அப்படியே போயிட்டாக." அவளுக்கு ஆறுதலாக நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி அலைக்கழிக்கலையே?" என்றுதான் கேட்டேன். இல்லை என்றாள். போனை வைத்துவிட்டு, அந்தக் காலண்டர் பக்கத்தை முடித்துக் கொடுத்த பிறகே எழுந்தேன். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தால் அவள் அப்பாவுக்கே பிடிக்காது.

ஞானமுத்து அண்ணாச்சியைத் தெரியாதவர்கள் நம் சபையில் கிடையாது. ஆகவே அவர் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்ன செய்தார் என்று மட்டும் சொல்கிறேன், அது பலருக்குத் தெரியாது. சபை இதழில் ஒரு பக்கத்துக்குள் அஞ்சலி எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். ஒரு பக்கத்தில் அடங்குகிற ஆளா அவர்? நான் எழுதுவதை எழுதிவிட்டேன். இதழுக்குப் புரூஃப் பார்ப்பதும் நான்தான், யார் வெட்டுகிறார்கள் என்று பார்த்துவிடுகிறேன்.

எழுபத்து மூன்று வயது. சொந்தக் கட்டிலில், மனைவியும் மகளும் பக்கத்தில் இருக்க, கை கால் முகம் எல்லாம் இருந்தது இருந்தபடியே போனார். வெளியூர்க்காரர்களுக்கு இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றும். நம் பக்கத்தில் சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் முகம் பார்க்க முடிகிறதா என்றுதான் எட்டிப் பார்ப்பார்கள். அன்றும் பார்த்தார்கள். "கொடுத்து வச்ச சாவு" என்று வாசலில் நின்று பேசிக்கொண்டார்கள். அவரைக் கிடத்தியிருந்தது மதுரையிலிருந்து வந்த ரெடிமேட் பெட்டி. தங்க நிறக் கைப்பிடி, உள்ளே வெள்ளை லேஸ். ஊருக்கெல்லாம் பெட்டி செய்தவருக்குக் கடையில் வாங்கிய பெட்டி! கண் விழித்திருந்தால் மூலையில் கோணலாக இறங்கியிருந்த ஆணியைப் பார்த்துவிட்டு "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டிருப்பார்.

அவருடைய பட்டறை சாத்தூர் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. பட்டாசுக் கம்பெனிகளுக்கு மரத்தட்டு செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. மருந்து செலுத்திய வெடிகளை அடுக்கி வெயிலில் காயவைக்கிற தட்டு. இரும்பு உராய்ந்தால் பொறி பறக்கும் என்பதால் அவர் தட்டில் ஒரு ஆணி இருக்காது, மரத்தை மரத்தில் கோத்தே செய்துவிடுவார். கொட்டகையின் பின்பக்கத்தில் சவப்பெட்டி வேலை. முன்பக்கத்துத் தட்டைச் சுமந்தவர்களுக்கே பின்பக்கத்தில் பெட்டி செய்யும்படி எத்தனை தடவை ஆனது என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பேச்சு மிகவும் குறைவு. ஜெபக் கூட்டத்தில் அவர் முறை வந்தால் "பாஸ்டரே ஜெபிக்கட்டும்" என்று தலையைக் குனிந்துகொள்வார். கருப்பட்டிக் காபி மட்டும் ஒரு நாளைக்கு ஆறு தடவை வேண்டும்.

என் வீட்டுக்காரர் தங்கராஜ் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் போர்மேனாக இருந்தார். தீபாவளிச் சீசன் நெருக்கம். சத்தம் கேட்டபோது நான் அச்சகத்தில் இருந்தேன். சத்தம் கேட்டால் இங்கே எல்லாரும் எதைச் செய்வார்களோ அதையே நானும் செய்தேன். மாடிக்கு ஓடிப்போய், புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்த்தேன். எம். புதுப்பட்டிப் பக்கம்தான் எழும்பியது. போன் போட்டேன், எடுக்கவில்லை. உள்ளே போகிறவர்களின் செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால்தான் எடுக்கவில்லை, அதனால்தான் எடுக்கவில்லை என்று ஆட்டோவில் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

மறுநாள் மத்தியானம் அரசு ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலத்தைக் காட்டி, இதுதான் என்றார்கள். பிரிக்கக் கூடாது என்றார்கள். அவர்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். பெல்ட்டின் கொக்கியை வைத்து என்று ஒருவர் சொன்னார். அந்தக் கொக்கியை நான்தான் வாங்கிக் கொடுத்தேனா என்றுகூட எனக்கு நினைவு வரவில்லை. அப்போது அண்ணாச்சி பக்கத்தில் வந்து நின்றார். அதுவரை ஆலயத்தில் பார்த்தால் தலையசைத்துக்கொள்கிற பழக்கம்தான். "உங்க வீட்டுக்காரக எம்புட்டு உயரம் தாயி?" என்றார். ஐந்தடி எட்டு அங்குலம் என்றேன். "எடை?" எழுபது, எழுபத்திரண்டு இருக்கும் என்றேன். பலகைக் கனத்துக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் நகரப் பார்த்தபோது சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அண்ணாச்சி, அவுக முழுசா இருக்காகளா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இருக்காக தாயி" என்றார்.

அடக்கத்தன்று ஆறு பேர் தூக்கினார்கள். கல்லறைத் தோட்டத்து வாசல் ஏற்றத்தில் அவர்கள் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது. என் கொழுந்தன் இரண்டு தடவை தோள் மாற்றினான். நான் பின்னாலேயே நடந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. இவ்வளவு கனம் இருக்கிறதே, அப்படியானால் அவர் இருக்கிறார், முழுசாக இருக்கிறார், அண்ணாச்சி சொன்னது சரிதான் என்று அந்தக் கனத்தையே பார்த்துக்கொண்டு போனேன். போதகர் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொன்னதெல்லாம் அன்று எனக்குச் சுலபமாகப் புரிந்தது. இருப்பவரை எழுப்புவது பெரிய காரியமா?

அந்த நம்பிக்கையில்தான் நாலு வருடம் நடமாடினேன். பொய் சொல்லவில்லை, ஆறுதலாகவே இருந்தது. ஈஸ்டர் அன்று விடிகாலையில் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மெழுகுவத்தி பொருத்துவோம் அல்லவா, அப்போது மற்றவர்கள் பாடிக்கொண்டிருக்க நான் மனதுக்குள் அவர் எழுந்து வருவதைப் பார்ப்பேன். மண்ணைத் தட்டிவிட்டு, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, தொந்தியைத் தடவியபடி "காபி போடலையா?" என்று கேட்பார். சிரிப்பு வந்துவிடும். பக்கத்தில் நிற்கிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

பிறகு ஒரு பகலில், ஆலய அறிவிப்புப் பலகைக்குச் சட்டம் அடிக்கச் சொல்வதற்காக அண்ணாச்சியின் பட்டறைக்குப் போனேன். முன்பக்கத்தில் ஆள் இல்லை என்று பின்பக்கம் போனேன். புதிதாகச் செய்த பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து, தலையணை உறை போல நீளமாக இருந்த ஒரு துணிப் பையில் சலித்த மணலைக் கொட்டிக்கொண்டிருந்தார். உத்தரத்தில் தராசு தொங்கியது. பெட்டிப் பலகையில் தச்சுப் பென்சிலால் ஒரு உயரமும் ஒரு எடையும் எழுதியிருந்தது. முந்தின நாள் வெடித்த கம்பெனியில் செத்துப்போன ஒருவருக்கான பெட்டி அது. அந்த எடையை நான் இரண்டாம் தடவை வாசித்தபோது எல்லாம் விளங்கிவிட்டது.

"எங்க வீட்டுக்காரகளுக்கும் போட்டீகளா?"

"போட்டேன்."

"எம்புட்டு?"

"வேண்டாம் தாயி."

"எம்புட்டுன்னு கேக்கேன்!"

சொன்னார். அந்த எண்ணை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுபத்திரண்டில் அதைக் கழித்தால் மிஞ்சுவதைத்தான் எனக்குப் பொட்டலமாகக் காட்டியிருக்கிறார்கள்.

நான் என்னவெல்லாம் பேசினேன் என்று சொன்னால் செயலாளர் இதழில் போட மாட்டார். "கம்பெனியில தீப்பிடிச்சப்போ வாளி வாளியாத் தொங்குன மணலு ஒருத்தருக்கும் உதவல. ஒங்க பெட்டிக்குள்ள வந்துதான் ஒதவுதாக்கும்? நாலு வருசமா நான் மணலுக்கு மெழுகுவத்தி பொருத்திக்கிட்டு இருந்திருக்கேன்!" என்றேன். அவர் பையின் வாயைச் சுருட்டிக் கட்டினார். அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. அவருடைய மகன் ஜெபராஜும் ஒரு வெடி விபத்தில்தான் போனான், என் கல்யாணத்துக்கு முந்திய வருடம். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன்: "ஒங்க பிள்ளைக்கும் இப்படித்தான் மண்ணள்ளிப் போட்டீகளா?"

"இல்ல தாயி. அவனுக்குப் போடல" என்றார்.

தன் பிள்ளைக்கு ஒரு நியாயம், ஊரார் வீட்டுக்கு ஒரு நியாயம் என்று அர்த்தப்படுத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எட்டு மாதம் ஆலயத்துக்குப் போகவில்லை.

பிறகு போனேன், வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்திருப்பது அதைவிடக் கொடுமையாக இருந்ததால். ஆனால் விசுவாசப் பிரமாணத்தை எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது, செத்த உடல்கள் உயிரோடு எழும் என்கிற இடம் வந்ததும் என் வாய் மூடிக்கொள்ளும். வேண்டும் என்று மூடவில்லை, வரவில்லை. அடுத்த வரியில் சேர்ந்துகொள்வேன். பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தெரியாது. புதிதாக வந்திருந்த போதகர் வீடு தேடி வந்து வசனங்களை எடுத்துச் சொன்னார். நல்ல பிள்ளை, என்னைவிடப் பதினைந்து வயது சிறியவர். "எழுப்புவாருன்னு சொல்றீகளே, எதை எழுப்புவாரு? துணிப் பையையா?" என்று கேட்டேன். பாவம், காபியைப் பாதியில் வைத்துவிட்டு ஜெபம் பண்ணாமலேயே போய்விட்டார். எனக்குக் கோபம் அவர்மேல் இல்லை. மேலே இருக்கிறவர்மேல்தான் இருந்தது.

அண்ணாச்சியின் மனைவி பாக்கியம் மதினி சர்க்கரை கூடிப் படுத்திருந்தார். பெண்கள் ஐக்கியத்தில் அவரைப் போய்ப் பார்த்துவர என் பெயரைப் போட்டுவிட்டார்கள். அண்ணாச்சி இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். அடுப்படியில் சட்னி அரைத்துக் கொடுக்கலாம் என்று அலமாரியில் கைவைத்தபோது தேங்காய் ஒன்று தவறி விழுந்து, தரையில் கடகடவென்று உருண்டது. எழுந்து வந்து அடுப்படி வாசலில் நின்ற மதினி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே சுவரோடு சுருண்டு உட்கார்ந்துவிட்டார். மயக்கமோ என்று பயந்து தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்தார். பிறகு அவராகவே சொன்னார்.

"எங்க ஜெபராசுக்குப் பெட்டி இவருதான் செஞ்சாரு. புள்ள வளத்தி தெரியுமில்ல? பெரிய பெட்டி. உள்ள வச்சது..." கையை விரித்து அளவு காட்டப் போனவர் காட்டாமல் மடியில் போட்டுக்கொண்டார். "கல்லறைத் தோட்டத்து வாசல்ல ஏத்தம் இருக்கில்ல? அங்கன பெட்டியச் சாச்சாக. உள்ளுக்குள்ள உருண்டுச்சு எஸ்தரு. தலைமாட்டுல இருந்து கால்மாட்டுக்கு. நான் பின்னாடியே வாரேன், எனக்குக் கேட்டுச்சு. அவருக்கும் கேட்டுச்சு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். இன்னைய வரைக்கும் அதப் பத்தி நாங்க பேசுனதில்ல. அதுக்கப்புறம் ஒரு பெட்டியையும் அந்த மனுசன் ஆட விட்டதில்ல. வேற எந்தத் தாயும் கேக்கக் கூடாதுன்னு."

நான் சட்னியும் அரைக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. மதினியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அதே ஏற்றத்தில் என் வீட்டுக்காரரின் பெட்டியையும் சாய்த்துத்தான் ஏற்றினார்கள். நான் இரண்டடி பின்னால் நடந்தேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது; என் அம்மா அடித்துக்கூட வரவைக்க முடியாத பழக்கம் அது. அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் உளியைக் கீழே வைத்தார். திட்ட வந்திருக்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார். ஓரத்தில் கிடந்த பை ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அவர் தைத்த தையல் மூட்டை தைத்தது போல இருந்தது. தையல் விட்ட இடத்தில் மணல் கசிந்தது.

"இது என்ன தையலு? துணியக் குடுங்க இங்க" என்றேன்.

கையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டார். பிறகு துணியை எடுத்துக் கொடுத்தார். "ரெட்டத் தையல் போடுங்க தாயி. சிந்துச்சுன்னா பலகை இடுக்கு வழியா வெளிய வந்துரும்" என்றார். எங்கள் சமாதானம் அவ்வளவுதான்.

அதிலிருந்து அந்தப் பைகளை நான்தான் தைத்துக் கொடுத்தேன். ஆலயத்துப் பழைய திரைச்சீலை, கிழிந்த படுக்கை விரிப்பு, என் வீட்டுக்காரருடைய வேட்டிகள் எல்லாம் அதற்கே போயின. நிறையப் பேருக்கு வேண்டியிருந்தது, நம் பக்கத்துக் கதை உங்களுக்குத் தெரியும். ஒரு தடவை என் தையலிலும் ஓட்டை விழுந்துவிட்டது. "காயிதத்துல புள்ளி வெலகுனாக் கண்டுபிடிக்கிற கண்ணு, துணியில ஓட்டை இருந்தாத் தெரியலையாக்கும்?" என்று கேலி செய்தார். அவர் கேலி செய்தது அந்த ஒரு நாள்தான் என்று நினைக்கிறேன். வேலை நேரத்தில் நான் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பேன். செத்தவர்கள் எங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு வலி நினைவிருக்குமா, இப்படியெல்லாம். அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "மேல நடக்குறது எனக்குத் தெரியாது தாயி. குழி வரைக்கும் ஆடாமக் கொண்டுபோயிச் சேக்கணும். அது நம்ம வேலை." அடக்கமான மனிதர், அதனால் இப்படிப் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் பொட்டலமாகக் கொடுத்துவிடுவதால் இந்து வீட்டாரும் பெட்டி கேட்டு அவரிடம் வருவதுண்டு. ஒரு முறை பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் மஞ்சள் துணியில் முடிந்த திருநீற்றோடு பட்டறைக்கே வந்துவிட்டார். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் வாங்கியது, பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்றார். அண்ணாச்சி வாங்கிக்கொண்டார். அந்தப் பையனின் நெஞ்சு எங்கே வருமோ அந்த இடத்தை முழம்போட்டுப் பார்த்து அங்கே வைத்தார். அப்போது அங்கிருந்த நம் சபை மூப்பர் ஒருவர், பெயர் வேண்டாம், "நம்ம ஆளு செய்யிற பெட்டியில இதெல்லாம் எதுக்கு ஞானமுத்து?" என்று கேட்டார். அண்ணாச்சி நிமிரக்கூட இல்லை. "இது அந்தத் தாயோட பெட்டி. ஒங்க பெட்டி வரும்போது ஒங்க இஷ்டப்படி செஞ்சு தாரேன்" என்றார். மூப்பர் வந்த வழியே போனார். அந்தக் கொட்டகையில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துவிட்டு, அந்தத் தாய் நிற்கிறாரே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மரத்தூள் அவர் நெஞ்சை அரித்துவிட்டிருந்தது. போன வருடத்திலிருந்தே நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். இந்த வருடச் சீசனில் மறுபடியும் ஒரு சத்தம், மறுபடியும் மாடி, மறுபடியும் புகை. செத்தவர்களில் நம் கிளைச் சபைப் பையன் அருணும் ஒருவன். கல்யாணமாகி ஒன்றரை வருடம். அண்ணாச்சி முக்காலியில் உட்கார்ந்தபடியே கூலிக்கு ஒருவரை வைத்துப் பெட்டி வேலையைத் தொடங்கினார். ஆஸ்பத்திரிக்குப் போக அவரால் முடியவில்லை. "நீங்க போயி உயரம் எடை கேட்டுட்டு வாங்க தாயி" என்றார். முதல் தடவையாக அந்தக் கேள்விகளைக் கேட்க நான் போனேன்.

அருணின் மனைவி ஜெனிபருக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். ஆஸ்பத்திரிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். உயரம் சொன்னாள். எடை தெரியாது என்றாள், பிறகு அவளாகவே ஒரு குத்துமதிப்பாகச் சொன்னாள். நான் எழுந்தபோது என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அவுக முழுசா இருக்காகளா?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று எனக்குத் தெரியும். அண்ணாச்சி எத்தனையோ பேரிடம் சொன்ன பதில். "இருக்காக" என்று சொல்லிவிட்டு, கணக்காக மணலை நிரப்பி அனுப்பியிருக்கலாம். அந்தச் சொல் வாய்வரை வந்தது. ஆனால் நாலு வருடம் கழித்து இந்தப் பெண்ணும் என்னைப்போல ஏதாவது ஒரு பட்டறையின் பின்பக்கத்துக்குப் போய் நிற்பாள் என்று நினைத்தபோது என்னால் முடியவில்லை. "இல்லம்மா" என்றேன்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து, ஐயோ என்ன காரியம் செய்துவிட்டேன் என்று பதறிப்போனேன். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"ஆனா முழுசா எழுந்திருப்பாக" என்றேன். "கையி, காலு, மொகம் எல்லாம். நீ பாத்த அதே மொகம்."

"நெசமாவா அக்கா?"

"நெசமாத்தான்."

சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்துச் சொன்னதில்லை. சொல்லி, அது என் காதில் விழுந்த பிறகுதான் நான் அதை நம்புகிறேன் என்று எனக்கே தெரிந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என்னிடம் விளக்கம் இல்லை. ஒருவரும் எழுந்திருக்கப் போவதில்லை என்றால் இத்தனை வருடம் எதற்காக அவ்வளவு பக்குவமாக ரெட்டைத் தையல் போட்டோம் என்று இப்போது தோன்றுகிறது. அந்தப் பெண் என் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். அருணுக்காக என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். தங்கராஜுக்காக, பதினொரு வருடத்தில் முதல் தடவையாக, மூக்கு ஒழுக அழுதேன். அழுதுவிட்டு நடந்தபோது உடம்பு இலேசாக இருந்தது. எனக்குக் கிடைத்த ஆறுதல் அதுதான். அதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை.

அண்ணாச்சியை அடக்கம் செய்த பிறகு கிருபா அவருடைய உளிகளை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன், உளி பிடிக்க எனக்கு என்ன தெரியும்? அண்ணாச்சியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு மத்தியானம்தான். அருணை அடக்கம் செய்த மறுநாள் அவரைப் பார்க்கப் போனபோது நடந்ததை எல்லாம் ஒப்பித்தேன். அந்தப் பெண் கேட்டது, நான் இல்லை என்றது, அதன்பிறகு சொன்னது. பொய் சொல்லாமல் போனதற்கு வைவாரோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் மோட்டுவளையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"எழுந்திருப்பாகன்னு சொல்லிட்டீகளா?" என்றார்.

"சொல்லிட்டேன்."

"நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல தாயி. இருக்காக, இருக்காகன்னே சொல்லி அனுப்பிட்டேன். இது வாயில வந்ததில்ல. பயம்."

"என்ன பயம் அண்ணாச்சி?"

மூச்சு வாங்கியது. நிதானித்துக்கொண்டு சொன்னார். "சொல்லிட்டு, நடக்கலைன்னா?"

முப்பது வருடம் ஆலயத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்த மனிதர். நான் வாய் மூடி நின்ற அதே ஆலயத்தில், எனக்கு நாலு வரிசை முன்னால், இந்தப் பயத்தோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் என் பக்கம் தலையைத் திருப்பினார்.

"எங்க ஜெபராசுக்கு ஒருதடவ சொல்லுங்களேன்" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஜெபராசு முழுசா எழுந்திருப்பான் அண்ணாச்சி" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் வழிந்ததை என் முந்தானையால் துடைத்துவிட்டேன். அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மதினி குழாயை நிறுத்திவிட்டு வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவ சொல்லு எஸ்தரு" என்றார்.

கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.